ரப்பர் பட்டையும் காகிதக் கோஷ்டியும்

ஹிசாயோவின் வீட்டுக்குள் போன எதுவும் முழுசாக அங்கே தங்கியதில்லை. ஃபுகுவோகாவிலிருந்து மகன் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினால், பொழுது சாய்வதற்குள் அது சின்னச் சின்னப் பைகளாகப் பிரிந்து எங்கள் மலைச்சரிவு வீடுகளின் கதவுகளில் தொங்கும். தங்கை ஒரு கூடை பிவா பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படியிறங்கினால், தங்கையின் பின்னாலேயே பழமும் இறங்கும். மீன்காரர் ஒரு கானாங்கெளுத்தியைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்றால் தீர்ந்தது. அந்த ஒன்றை எத்தனை வீட்டுக்கு வெட்டலாம் என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பாள்.

இதைத் தர்ம சிந்தனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது வியாதி. நாகசாகியின் நகராட்சிப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் மதியச் சாப்பாடு சமைத்தவள் அவள். ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி என்றால் எல்லாப் பிள்ளைக்கும் அதே கரண்டி. ஒரு கிண்ணத்தில் மூன்று இறைச்சித் துண்டும் பக்கத்துக் கிண்ணத்தில் இரண்டும் விழுந்துவிட்டதாகத் தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. புருஷன் உயிரோடு இருந்தபோது வீட்டில் இன்னொரு கரண்டி கறி கேட்டால், "அது யாரோடது?" என்று கேட்பாள். வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

வாங்கிக்கொண்டவர்கள் சும்மா இருக்க முடியாது. பதிலுக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும். ஆரஞ்சு போன வீட்டிலிருந்து முள்ளங்கி வரும்; அந்த முள்ளங்கியை அவள் மறுபடி பங்கு போடுவாள்; அதற்கும் பதில் வரும். அவள் வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் நடுவே சாமான்கள் ஓயாமல் நடந்துகொண்டிருந்தன. நடக்க முடியாமல் போனது அவள்தான்.

ஈரச் சிமெண்டுத் தரை, ரப்பர் பூட்ஸ், ஆளுயர அண்டா. முப்பது வருஷத்தில் இவை சேர்ந்து இரண்டு முட்டியையும் தின்றுவிட்டன. போதாததற்கு எங்கள் சரிவு. இங்கே கார் வராது, சைக்கிள்கூட வராது. படிகள்தான். எத்தனை படி என்று யாரும் எண்ணியதில்லை, எண்ணினால் ஏற மனசு வராது. ஹிசாயோ கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவாள். ஏறும்போது பாதியில் உட்கார்ந்து, கையிலிருக்கும் பையில் உள்ளதை அங்கேயே போகிற வருகிறவர்களுக்குப் பங்கு போட்டுவிடுவாள். சுமையும் குறையும்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நாகாதோமி இரண்டு முட்டியையும் மாற்றிவிட வேண்டும் என்றார். இந்த வசந்தத்தில் இடது, அடுத்த வசந்தத்தில் வலது. இடது முட்டி முடிந்து படுத்திருந்தபோது மகன் யோஷிஹிரோ வந்தான். ஃபுகுவோகாவில் இன்ஷூரன்ஸ் வேலை, பதினான்காவது மாடியில் வீடு, லிப்ட் உண்டு.

"அம்மா, இந்த ஒரு தடவை ஓட்டிடலாம். ரெண்டாவது முட்டி பண்ணினப்புறம் யாராவது வீட்டுக்கே வந்து உன்னைப் பாத்துக்கிட்டாதான் அந்த மேட்டுல நீ இருக்கலாம். இல்லேன்னா எங்ககூட வந்துடணும். இனி நான் கேக்கறதா இல்ல."

ஹிசாயோவுக்கு அந்தப் பதினான்காவது மாடி தெரியும். மருமகள் ரொம்ப மரியாதைக்காரி. இரண்டு வாரம் தங்கினால் அந்த மரியாதையிலேயே மூச்சு முட்டிவிடும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து அவள் பார்த்ததில்லை. ஒரு தடவை அந்தக் கதவில் ஆரஞ்சுப் பை ஒன்றைத் தொங்கவிட்டு வந்தாள். மர்மப் பொருள் என்று காவலாளி இடுக்கியால் தூக்கிக்கொண்டு போனார்.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மகன் போன மறுநாள் இவானாகா என்ற பெண் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி வேலைகளைக் கவனிப்பவள். விஷயம் இதுதான்: முட்டி மாற்றியவர்களுக்கு வழக்கமாக உடற்பயிற்சி படம் போட்ட ஒரு காகிதம் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது டாக்டர் புதிதாக ஒன்று பார்க்கிறார். பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் வாரா வாரம் வீட்டுக்கே வந்து, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி, வீட்டுப் படியிலேயே ஏற இறங்கப் பழக்குவார். இரண்டில் எது மேல் என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குப் பட்டை, பாதிப் பேருக்குக் காகிதம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும்.

"பாதிப் பேருக்கு மட்டுமா?"

"ஆமாம்மா."

"இதென்னம்மா நியாயம்? ஒரு வகுப்புல பாதிப் பசங்களுக்குச் சோறு, மீதிப் பசங்களுக்குச் சோறு எப்படி வடிக்கிறதுன்னு காகிதமா?"

இவானாகா பொறுமைசாலி. "எது நல்லதுன்னு இன்னும் யாருக்குமே தெரியாதும்மா. தெரிஞ்சா எல்லாருக்கும் கொடுத்துடலாம். பட்டைதான் நல்லதுன்னு இதுல தெரியவந்தா, அப்புறம் நகராட்சியே காசு கொடுத்து எல்லார் வீட்டுக்கும் ஆள் அனுப்பும். அடுத்த வருஷம் உங்க வலது முட்டிக்கும் சேர்த்துத்தான்."

ஹிசாயோவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் தங்கியது. வீட்டுக்கு ஆள் வந்தால் பதினான்காவது மாடி இல்லை. கையெழுத்துப் போட்டாள். இரண்டு நிபந்தனை சொன்னார்கள். முட்டியை அளப்பவர் டாக்டர் என்பதால், எந்தக் கோஷ்டி என்று அவரிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் அளக்கிற கை தன்னை அறியாமல் சாய்ந்துவிடும். இரண்டாவது, ஆராய்ச்சியில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயிற்சியைச் சொல்லவோ காட்டவோ கூடாது. இரண்டுக்கும் ஹிசாயோ தலையாட்டினாள். எங்கள் ஊரில் தலையாட்டினால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

குலுக்கலில் ஹிசாயோவுக்குப் பட்டை விழுந்தது. அதே மாதம் முட்டி மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக் கியோனோவுக்குக் காகிதம்.

கியோனோ இவளைவிட இரண்டு வயது மூத்தவள். சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடித்து, இடது பக்கம் பாருங்கள் வலது பக்கம் பாருங்கள் என்று ஆயுசு முழுக்கச் சொன்னவள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், குரலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஹிராகாவா என்ற பயிற்சியாளர் வந்தார். நாற்பது வயது, மொட்டைத் தலை, மலை மாதிரி உடம்பு. மேலே வந்து சேரும்போது அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்து விசிறிவிட வேண்டும். மூச்சு திரும்பியதும் அதட்டல் ஆரம்பிக்கும். அவள் வீட்டுக்கும் கியோனோ வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். மூன்றாவது செவ்வாய்க்கிழமை கியோனோ ஒரு முள்ளங்கியோடு வாசலில் வந்து நின்றாள்.

"யாரோ வந்துட்டுப் போறாப்ல இருக்கே."

"வர்றாங்க."

"மொட்டைத் தலை."

"ம்."

"'இன்னும் கொஞ்சம் தூக்குங்க, விட்டுடாதீங்க, அப்படித்தான்'னு சத்தம் கேட்டுது. நான் ஒண்ணும் காதை வெச்சுக் கேக்கல. சுவரு மெல்லிசு."

"கியோனோ அக்கா, எனக்கு எழுபது வயசு."

"அதனாலதான் கேக்கறேன். எழுபது வயசுல என்னத்தைத் தூக்கறே?"

ஹிசாயோவுக்கு முகம் சிவந்தது. கியோனோ உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலிக் காலில் பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓ. நீ பட்டைக் கோஷ்டியா."

"நான் ஒண்ணும் சொல்லல அக்கா."

"நீ எதுக்குச் சொல்லணும்? எனக்குக் காகிதம்." ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து உதறினாள். "இந்தா பாரு. ஒரு பொம்மை காலைத் தூக்கிட்டுச் சிரிக்குது. முட்டியை அறுத்துப் போட்டவ எவளாவது இப்படிச் சிரிப்பாளா? எனக்கு எப்பவுமே காகிதம்தான். பரவாயில்ல. நீ நல்லா இரு."

முள்ளங்கியை வைத்துவிட்டு, வலிக்கிற காலை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொண்டு போனாள்.

முள்ளங்கி வந்துவிட்டது. பதிலுக்கு ஏதாவது போயாக வேண்டும். அதுவாவது பரவாயில்லை, ஒரு துண்டு டோஃபுவில் முடிந்துவிடும். தன்னிடம் உள்ள ஒன்று பக்கத்து வீட்டில் இல்லை என்பதுதான் ஹிசாயோவைத் தூங்கவிடவில்லை. ஒரு வாரம் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு பயிற்சி செய்தாள், ஏதோ திருட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி. காலை நீட்டினால் பக்கத்து வீட்டுக் காலின் இழுப்பு காதில் விழுந்தது. அடுத்த வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லக் கூடாது என்றார்கள். காட்டக் கூடாது என்றார்கள். திரையை மூடு என்று யாரும் சொல்லவில்லையே. வெயில் காலம் வேறு.

திரையைத் திறந்தாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே கியோனோவின் துணி உலர்த்தும் மூங்கில். அன்றிலிருந்து கியோனோ தினமும் காலையில் ஒரே ஒரு கைக்குட்டையை அரை மணி நேரம் உலர்த்தினாள். ரப்பர் பட்டைக்கு அவள் எங்கும் போகவில்லை; பேருந்துக் காலத்து நைலான் காலுறைகள் பெட்டி நிறைய இருந்தன. முடிச்சுப் போட்டால் பட்டையைவிட நன்றாக இழுத்தது.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. எங்கள் சரிவின் நடுவில் ஊஞ்சல் ஒன்றோடு ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. தினமும் விடிகாலையில் ரேடியோவில் உடற்பயிற்சிக்குப் பியானோ வாசிக்க, நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைகால் வீசுவோம். ஒரு நாள் பியானோ நின்ற பிறகும் கியோனோ நிற்கவில்லை. இடுப்பிலிருந்து காலுறையை உருவி, கணுக்காலில் மாட்டி, காலைப் பின்னால் இழுத்தாள்.

"இது என்ன அக்கா புதுசா?"

"ஒண்ணுமில்ல. சும்மா காலை நீட்டறேன். இடது பக்கம் நீட்டுங்க. இப்ப வலது பக்கம்."

அந்தக் குரல் சொன்னால் இடது பக்கம் பார்க்காதவர் கிடையாது. பூங்காவுக்கு வருகிறவர்களில் காகிதம் கிடைத்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அடுத்த நாள் அந்த மூன்று பேரும் ஆளுக்கொரு பழைய காலுறையோடு வந்துவிட்டார்கள். அப்புறம் கியோனோவின் கதவில் பைகள் தொங்க ஆரம்பித்தன: கத்தரிக்காய், மீன் வடை, அரைப் பூசணி. கியோனோ நேர்மையானவள், பாதியை ஹிசாயோ கதவில் மாட்டினாள். இது ஏன் வந்தது என்று ஹிசாயோ கேட்கவில்லை; எங்கள் சரிவில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. வந்ததைப் பங்கு போட்டு, அந்த மூன்று வீட்டுக் கதவிலேயே மாட்டினாள்.

சரிவின் உச்சியில் மினேதா ஐயா தனியாக இருந்தார். ஹிசாயோ சமைத்த அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு முட்டி மாற்றியிருந்தது, அவரும் ஆராய்ச்சியில் இருந்தார். ஆனால் ரேடியோ உடற்பயிற்சிக்கு அவர் வரமாட்டார். ஆயுசு முழுக்க மேடையில் நின்று பிள்ளைகளைச் செய்யவைத்த தனக்கு, கணக்குப்படி அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி.

அக்டோபரில் ஆறு மாதப் பரிசோதனை வந்தது. டாக்டர் நாகாதோமி ஹிசாயோவின் காலை மடக்கி, கோண அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா மடங்குதே. எப்படி இருக்கீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"வலி இருக்கான்னு கேட்டேன்மா."

"அதைச் சொல்லலாமா?"

"அதைச் சொல்லத்தான் வந்திருக்கீங்க."

"இல்ல டாக்டர். வலி இல்ல." உதட்டை மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய டாக்டர் பெருமூச்சு விட்டார். "உங்க சரிவுல ஒருத்தர் தவிர எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு. யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா பாதிப் பேருக்குக் காகிதம்தானே? அவங்களும் இப்படி நடந்தா, காகிதமே போதும்னு ஆயிடும். போகட்டும், அதுவும் ஒரு பதில்தான். நகராட்சி வீட்டுக்கு ஆள் அனுப்பாது, அவ்வளவுதான்."

ஹிசாயோவுக்குப் பதினான்காவது மாடி கண்முன் வந்தது. இடுக்கியில் தொங்கும் ஆரஞ்சுப் பையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பலகைச் சுவரைத் தட்டினாள்.

"கியோனோ அக்கா! நீ நல்லா நடக்கறதால என்னை ஃபுகுவோகாவுக்கு அனுப்பப் போறாங்க!"

"என்னடி உளர்றே?"

ஹிசாயோ நடந்ததைச் சொன்னாள்.   சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கியோனோ, "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடு" என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவள் நினைப்பு. சரிவுக்கே கேட்டது.

மறுநாள் ஹிசாயோ நல்ல உடை உடுத்தி, கஸ்தெல்லா கேக் பெட்டி ஒன்றை ஜரிகைத் தாளில் கட்டி வாங்கிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்பதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பரிசுப் பொருள் ஏற்பதில்லை என்று பெரிய எழுத்தில் பலகை. அதன் கீழேயே டாக்டர் எதிர்ப்பட்டார். ஹிசாயோ பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை வளைந்தாள்.

"டாக்டர், நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். நான் வந்து பட்—"

"வேண்டாம்! சொல்லாதீங்க!" டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியக் கூடாது!"

"தெரிஞ்சாத்தான் டாக்டர் தீரும். நான் பட்—"

டாக்டர் ஓடினார். காதைப் பொத்தியபடி ஓடுகிற டாக்டரையும், கேக் பெட்டியோடு பின்னாலேயே விரட்டுகிற கிழவியையும் எலும்புப் பிரிவின் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முட்டி மாற்றியவள் அந்த வேகத்தில் போனது ஆராய்ச்சிக்கு நல்ல சேதிதான், எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இவானாகா வந்து அவளைத் தோளோடு பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஏற்கெனவே கியோனோ உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பூங்காவில் காலுறை இழுத்த மற்ற மூன்று பேர். மேசைமேல் நாலு கஸ்தெல்லா பெட்டி, நாலும் ஒரே கடை. ஹிசாயோ தன்னுடையதையும் வைத்தாள்.

"தப்பு என்னோடது. இவ வாயைத் திறக்கல" என்றாள் கியோனோ.

"திரையைத் திறந்தேனே" என்றாள் ஹிசாயோ.

இவானாகா நெற்றியைத் தேய்த்தாள். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நீங்க?"

"நான் ஜன்னலைப் பாத்து."

"நீங்க?"

"நான் கியோனோ அக்காவைப் பாத்து."

"நீங்க?"

"நான் இவங்களைப் பாத்து. எனக்கு அது ஆராய்ச்சின்னே தெரியாது, ரேடியோதான் சொல்லுதுன்னு நினைச்சேன்."

"அப்ப உங்க சரிவுல, கொடுத்த காகிதத்தை மட்டும் பாத்துப் பயிற்சி செஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

திறந்திருந்த கதவுக்கு வெளியே, பரிசோதனைக்குக் காத்திருந்த நாற்காலியிலிருந்து ஒரு கைத்தடி தரையைத் தட்டியது. மினேதா ஐயா.

"எனக்குக் காகிதம் வந்துச்சு. நான் அதைக்கூடப் பாக்கல."

"உங்க முட்டி எப்படி இருக்கு ஐயா?"

"மடங்க மாட்டேங்குது."

இவானாகா தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். ஒன்று கலந்தால் எல்லாம் கெடும், கெட்டதிலிருந்து பதில் வராது, பதில் வராவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் வீட்டுக்கு ஆள் வராது என்று விளக்கினாள். ஹிசாயோவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது.

"எல்லாம் சரிம்மா. ஆனா பக்கத்து வீட்டுல இல்லாததை நான் எப்படி என் வீட்டுல வெச்சுக்கறது? நீயே சொல்லு. அவங்க கால் இழுக்கற சத்தம் எனக்குக் கேக்குதே."

 கைத்தடி உள்ளே வந்தது, பின்னால் மினேதா ஐயா மடங்காத காலோடு வந்தார்.

"ஹிசாயோ, உன் சமையலை நான் எப்பச் சாப்பிடுவேன்?"

ஹிசாயோ தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றாள். "பசங்களுக்கு அரை மணி முந்தி ஐயா. முதல் தட்டு ஐயாவுக்குத்தான்."

"எதுக்கு?"

"ஏதாவது கெட்டுப்போயிருந்தா பசங்க வயித்துக்குப் போகக் கூடாதுன்னு."

"நான் சாப்பிடற வாசனை வகுப்புக்கெல்லாம் போகும். பசங்க பசியோட உக்காந்திருப்பாங்க. ஐயா மட்டும் சாப்பிடறாரே, அநியாயமேன்னு நீ ஓடிப்போய் ஆளுக்கொரு கரண்டி ஊத்தினியா?"

"அதெப்படி ஐயா ஊத்துவேன்? அரை மணி ஆகணுமே!"

"ஏன் ஆகணும்?"

"ஐயா உயிரோட இருக்காரான்னு பாக்கணுமே."

அறையில் யாரோ இருமினார்கள். மினேதா ஐயா அசரவில்லை. "அந்த முதல் தட்டுதான் இது. உன் கையில கொடுத்தாங்க. நல்லதா கெட்டதான்னு தெரியறதுக்குள்ள வகுப்பு பூராவும் பரிமாறிட்டே."

 முப்பது வருஷமாக ஒரு நாள்கூட அந்த முதல் தட்டை ஹிசாயோ அநியாயம் என்று நினைத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இதுல நான்தான் தலைமையாசிரியரா?"

"நீதான் இருந்தே" என்றார் மினேதா ஐயா.

யார் எந்தக் கோஷ்டி என்று பெயர் சொல்லாமல் இவானாகா டாக்டரிடம் விஷயத்தைத் தெரிவித்தாள். பட்டை மேலா காகிதம் மேலா என்று சொல்ல முடியாது, எங்கள் சரிவில் எல்லாம் கலந்துவிட்டது என்று டாக்டர் ஒளிக்காமல் எழுதினார். புதிதாக ஆரம்பிக்கத் தீர்மானித்தார்கள். இந்த முறை ஆளாளுக்குக் குலுக்கல் கிடையாது. ஒரு சரிவு முழுக்கப் பட்டை, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து எதிர்ச் சரிவு முழுக்கக் காகிதம், அல்லது நேர்மாறாக. நடுவில் டிராம் ஓடுகிறது, முள்ளங்கி அவ்வளவு சுலபமாகக் கடக்காது என்று டாக்டர் நம்பினார். கஸ்தெல்லா பெட்டிகள் ஐந்தும் வாங்கியவர்களிடமே திரும்பி வந்தன. அவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள்.

ஹிசாயோவுக்கு ஒரே ஒரு சேதிதான் முக்கியம். புதிய ஆராய்ச்சியில் பயிற்சி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இடமில்லை. வலது முட்டிக்கு வீட்டுக்கு ஆள் வராது.

புத்தாண்டுக்கு யோஷிஹிரோ வந்தான். பதினான்காவது மாடி லிப்ட் அவனுக்கு ஒரு உபகாரமும் செய்திருக்கவில்லை. பாதிப் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அம்மா அவன் பையையும் வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். வந்து சேர்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அம்மா, நான் அப்பவே சொன்னேன். ஏப்ரல்ல ஆபரேஷன். வீட்டுக்கு வந்து பாத்துக்க ஆள் இல்ல. அதனால..."

சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஹிசாயோ! உன் பையன் வந்துட்டானா? மூச்சு வாங்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!"

கியோனோ உள்ளே வந்தாள். பின்னால் காகிதக் கோஷ்டிப் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள், ஆளுக்கொரு காலுறையோடு.

"யோஷி, உக்காரு. ஆள் வந்து பாத்துக்கணும்னுதானே சொன்னே? மொட்டைத் தலைக்காரர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு. நாங்க தினமும் வருவோம். திங்கக்கிழமை நான், செவ்வாக்கிழமையும் நான்தான், மத்த நாள் இவங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், பெரியம்மா."

"சிரமமா? உங்கம்மா எங்களுக்கு ஒண்ணு கொடுத்திருக்கா. போன வருஷத்திலேருந்து பதில் போகாம நிக்குது. முள்ளங்கியில தீர்ற விஷயமா அது? இவளை ஃபுகுவோகாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா நாங்க அதை யார்கிட்ட கொடுப்போம், உன்கிட்டயா? காலை நீட்டு பாக்கலாம்."

அவன் மறுப்பதற்குள் கணுக்காலில் காலுறை மாட்டப்பட்டுவிட்டது. "இடது பக்கம்" என்றாள் கியோனோ. அவன் காலை இழுத்தான், வலியில் முனகினான். நாலு கிழவிகளும் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். அன்று இரவு அவன் ஃபுகுவோகாவைப் பற்றிப் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. ஊருக்குப் போகும்போது மட்டும், "மேல வர்ற கைப்பிடிக் கம்பி ஒரு இடத்துல ஆடுது, நகராட்சியில சொல்லி வைக்கறேன்" என்றான். ஹிசாயோ அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

புதிய ஆராய்ச்சியின் குலுக்கலில் எதிர்ச் சரிவுக்குப் பட்டை விழுந்தது, எங்களுக்குக் காகிதம். இன்னொரு முட்டியையும் மாற்றிக்கொண்ட மினேதா ஐயா, பயிற்சி எதுவும் தெரியாதவர் என்பதால், எங்கள் சரிவின் காகிதக் கோஷ்டியில் முதல் ஆளாகச் சேர்ந்தார். இந்த முறை காகிதத்தைப் படிக்கிறார். பூங்கா வழியாக வர நேர்ந்தால், கியோனோவின் காலுறை கண்ணில் படாமல் இருக்கக் குடையை விரித்துப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு போவார்.

மே மாதம் ஒரு நாள் மத்தியானம். ஹிசாயோவின் வலது முட்டியில் தையல் பிரித்தாகிவிட்டது. திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன, உள்ளே கியோனோவின் தலைமையில் இழுப்பும் முனகலும் நடந்துகொண்டிருந்தது. அடுப்பில் கறிக்குழம்பு. வாசலில் கைத்தடி தட்டியது. மினேதா ஐயா வீட்டுக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். கையைப் பின்னால் நீட்டி ஒரு பை பிவா பழத்தைக் கொடுத்தார்.

"நான் எதையும் பாக்கல" என்றார்.

"தெரியும் ஐயா."

பை கைக்கு வந்ததும் ஹிசாயோவின் விரல்கள் பரபரத்தன. பதிலுக்கு என்ன கொடுப்பது? உள்ளே திரைக்குப் பின்னால் இருந்ததுதான் அவருக்கு வேண்டியது. அதைக் கொடுக்கக் கூடாது. அவள் பச்சைப் பட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். திரையின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய், சோற்றின் மேல் ஒரு கரண்டி கறிக்குழம்பு ஊற்றி, வாசல் பெஞ்சில் அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"முதல் தட்டு ஐயா."

அவர் ஸ்பூனை எடுத்தார். உள்ளே கோஷ்டிக்குப் பசி.

"எங்களுக்கு?" என்றாள் கியோனோ.

"அரை மணி ஆகட்டும்" என்றாள் ஹிசாயோ, உள்ளே வந்து காலை நீட்டிக்கொண்டே.

கியோனோ கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள். அப்புறம் திரையை ஒரு விரலால் விலக்கி, தலைமையாசிரியர் உயிரோடு இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.